சாலைக்காக நிலம் எடுக்கப்படும்போது: தோட்டப்புற மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள ஈஜோக் சுற்றுவட்டாரத்தில் என் வயதொத்தவர்களுக்குச் சாலை என்றால் ஒரு காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதைதான். ரப்பர்ப் பால் வண்டியும், பிறகு செம்பனைக் குலை ஏற்றிய லாரியும் அந்தப் பாதையில்தான் போய்வந்தன. இன்று லாதார் நெடுஞ்சாலை 33 கிலோமீட்டர் நீளத்திற்கு எங்கள் வட்டாரத்தை ஊடறுத்துச் சென்று அசாம் ஜாவாவில் முடிகிறது. பந்திங்கையும் தைப்பிங்கையும் இணைப்பதற்கென 233 கிலோமீட்டர் நீளத்தில் திட்டமிடப்பட்ட மேற்குக் கரை நெடுஞ்சாலையும் அதே அசாம் ஜாவா வழியாகவே செல்கிறது. இவை தவிர மாநிலச் சாலை விரிவாக்கம், மேம்பாலம், சந்திப்பு அகலப்படுத்தல் என்று வேலைகள் ஓய்வதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் யாரோ ஒருவருடைய நிலம் தேவைப்படுகிறது.

நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலாய் மொழியில் வரும் நில அலுவலகக் கடிதங்களைப் படித்துச் சொல்லும்படி பலர் வீடு தேடி வருவதால், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். இவை தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தை, அதாவது சட்டம் 486ஐ, அடிப்படையாகக் கொண்டவை. சபாவுக்கும் சரவாக்குக்கும் வேறு சட்டங்கள் உள்ளன. உங்கள் சொந்த வழக்குக்கு வழக்கறிஞரின் ஆலோசனை கட்டாயம் தேவை. ஆனால் வழக்கறிஞரிடம் போவதற்கு முன்பே கையைவிட்டுப் போய்விடக்கூடிய உரிமைகள் சில உண்டு என்பதை அனுபவத்தில் கண்டவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சட்டம் முதலில் பார்ப்பது பெயரையும் தேதியையும்தான். நம் மக்கள் தோட்டத்தில் வாழ்ந்த வாழ்க்கையோ பெரும்பாலும் எந்தத் தாளிலும் ஏறாத வாழ்க்கை.

என் பெயரில் கெரான் (நில உரிமைப் பத்திரம்) இருக்கிறது. நிலத்தைத் தர முடியாது என்று நான் மறுக்கலாமா?

பொதுவாக முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சட்டப்படி அன்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது ஒன்று. போதுமான இழப்பீடு தராமல் சொத்தைக் கட்டாயமாக எடுக்கவோ பயன்படுத்தவோ எந்தச் சட்டமும் வழிசெய்யக் கூடாது என்பது மற்றொன்று. அதாவது, அரசியலமைப்பு நிலத்தை எடுப்பதைத் தடுக்கவில்லை. சட்டத்துக்குப் புறம்பாகவும் உரிய விலை தராமலும் எடுப்பதைத்தான் தடுக்கிறது. பொதுச் சாலை பொது நோக்கமே என்பதில் ஐயமில்லை. நில எடுப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவின் கீழ் மாநில அரசு அறிவிப்பு வெளியிட்டுவிட்டால், அந்த நிலம் அந்த நோக்கத்துக்குத் தேவை என்பதற்கு அந்த அறிவிப்பே முடிவான சான்றாகக் கொள்ளப்படும். அறிவிப்புக்கு முன் உரிமையாளரை அழைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்ற வாதமும், 1982ஆம் ஆண்டுக் குலசிங்கம் வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தால் ஏற்கப்படவில்லை.

தீய எண்ணத்துடன் எடுத்தார்கள், சட்டம் சொல்லும் படிகளைத் தாண்டிச் சென்றார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால், எடுப்பையே எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோரலாம். அதற்கு உள்ள காலம் முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 3 மாதங்கள் மட்டுமே. நடைமுறையில் பெரும்பாலோருக்கு உண்மையான போராட்டம் எவ்வளவு, யாருக்கு, எதற்காக என்பதில்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் உழைப்பை அங்கே செலவிடுங்கள் என்பதே என் கருத்து.

நிலத்தில் அளவையாளர்கள் சிவப்புக் கழி நட்டுவிட்டுப் போனார்கள். நிலம் போய்விட்டது என்று பொருளா?

இல்லை. 4ஆவது பிரிவின் கீழ் வரும் ஏ படிவம் ஒரு முன்னறிவிப்பு. இந்த இடத்தில் நிலம் தேவைப்படலாம் என்று மட்டுமே அது சொல்கிறது. அளப்பதற்கும் மண்ணைத் துளையிட்டுச் சோதிப்பதற்கும் ஆட்கள் உள்ளே வர அனுமதி தருவது பி படிவம். ஏ படிவம் அரசிதழில் வெளிவந்து 12 மாதங்களுக்குள் 8ஆவது பிரிவு அறிவிப்பு வரவில்லையென்றால் முன்னறிவிப்பு காலாவதியாகிவிடும். உண்மையான அறிவிப்பு டி படிவத்தில் வருகிறது. அதற்கும் ஒரு கெடு இருக்கிறது: டி படிவம் வெளிவந்து 2 ஆண்டுகளுக்குள் நிலநிர்வாகி இழப்பீட்டுத் தீர்ப்பு வழங்காவிட்டால் அந்த அறிவிப்பும் செல்லாமல் போய்விடும்.

இந்தத் தேதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்தின் விலை எந்த நாளின் சந்தை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படும் என்பதும் இவற்றைப் பொறுத்ததே. 12 மாதங்களுக்குள் டி படிவம் வந்திருந்தால் ஏ படிவம் வெளிவந்த நாளின் மதிப்பும், இல்லையென்றால் டி படிவம் வெளிவந்த நாளின் மதிப்பும் எடுத்துக்கொள்ளப்படும். முன்னறிவிப்பு வந்த பிறகு அவசர அவசரமாக வீட்டை நீட்டிக் கட்டுவது, புதிதாகக் கன்று நடுவது போன்றவற்றால் பயன் இல்லை. அந்தச் செலவைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

எங்களுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. ஆனால் நிலம் எடுக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். இது எப்படி நடக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போதெல்லாம் என் தகப்பனாரின் நிலம் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கியது ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலம். கெரானில் அவருடைய முகவரியாகத் தோட்டத்து இரண்டாம் டிவிஷனில் இருந்த லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், முகவரி பதிவாகியிருந்தது. சாலை விரிவாக்கத்துக்காக அந்த நிலத்தின் முகப்பு எடுக்கப்பட்டபோது அந்த லயம் இடிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவிப்பு அந்த முகவரிக்குத்தான் போனது. எங்களுக்கு விஷயம் தெரிந்து நில அலுவலகத்துக்கு ஓடியபோது, விசாரணை நடந்து, தீர்ப்பு எழுதப்பட்டு, ஆட்சேபம் தெரிவிக்கும் காலமும் முடிந்திருந்தது. அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பதிவேட்டில் உள்ள முகவரிக்கு அனுப்பிவிட்டோம் என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. அதனால்தான் அது இன்றுவரை என் மனத்தில் ஆறாமல் இருக்கிறது.

இழப்பீட்டைத் தீர்மானிக்கும் விசாரணைக்கான அறிவிப்பு ஈ படிவத்தில் வரும். அது நில அலுவலகத்திலும் நிலத்திலும் ஒட்டப்படும்; பதிவு பெற்ற உரிமையாளருக்கும், நிலத்தில் இருப்பவருக்கும், உரிமை கோருபவர் என்று தெரியவந்தவருக்கும் கொடுக்கப்படும். விசாரணை நாள், அந்த அறிவிப்பு வெளிவந்து 21 நாள்களுக்கு முன்னதாக இருக்கக் கூடாது. 21 நாள் என்பது, ஜொகூரில் வேலை செய்யும் மகனும் சிங்கப்பூரில் இருக்கும் மகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு மிகக் குறைந்த காலம். ஆகவே, ஊரில் சாலைத் திட்டம் பற்றிய பேச்சு எழுந்த உடனேயே நில அலுவலகத்துக்குச் சென்று உங்கள் நிலத்தின் பதிவைத் தேடிப் பார்க்க விண்ணப்பித்து, பதிவேட்டில் உங்கள் முகவரி என்ன என்று பாருங்கள். பழைய முகவரி இருந்தால் எழுத்து மூலம் மாற்றச் சொல்லுங்கள். நிலத்தில் யாரும் குடியிருக்கவில்லையென்றால் மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கெரான் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில்தான் இருக்கிறது. இழப்பீடு யாருக்கு வரும்?

மாற்றப்படாத பெயர் தோட்டப்புறத்தில் மிகப் பரவலான சிக்கல். 1960ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சிறு சிறு நிலங்களாக விற்கப்பட்ட காலத்தில் வாங்கிய நிலங்கள் பலவும் பாட்டன் பெயரிலேயே மூன்று தலைமுறையாகக் கிடக்கின்றன. துண்டாடலைத் தடுப்பதற்காக, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய வரலாறு பலருக்குத் தெரியும். ஆனால் அதே துண்டாடலில் நம்மவர்கள் சிலர் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே கெரானில் பங்கு நிலம் வாங்கியதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

உரிமையாளர் இறந்திருந்தாலும், வாரிசுகளுக்குள் உடன்பாடு இல்லாவிட்டாலும், நிலநிர்வாகி இழப்பீட்டுத் தொகையை உயர் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். பணம் காணாமல் போகாது. ஆனால் அதை எடுக்க வாரிசுரிமை ஆணை வேண்டும். 1955ஆம் ஆண்டுச் சிறு மரபுரிமைச் சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ், அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் சொத்துகளுக்கு, நில நிர்வாகத்திடமே விண்ணப்பித்துப் பங்கீட்டு ஆணை பெறலாம். நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ், கெரான் நகல், வாரிசுகள் அனைவருடைய அடையாள அட்டை நகல் ஆகியவை தேவைப்படும். பெயர்களில் எழுத்து வேறுபாடு இருந்தால் அதற்கும் சத்தியப் பிரமாணம் செய்துகொள்ளுங்கள். ஒரே மனிதரின் பெயர் கெரானில் ஒரு மாதிரியும், நீல நிற அடையாள அட்டையில் வேறு மாதிரியும், இறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரியும் எழுதப்பட்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வாரிசுரிமை ஆணை கைக்கு வரும்வரை காத்திருந்து விசாரணையைத் தவறவிட வேண்டாம். வாரிசு என்ற முறையில் விசாரணையில் முன்னிலையாகி உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யலாம்.

வெள்ளைத் தாளில் ஒப்பந்தம் எழுதி நிலம் வாங்கினோம். பெயர் மாற்றவில்லை. எங்களுக்கு உரிமை உண்டா?

இழப்பீட்டில் பங்கு கோரும் எவரையும் ‘உரிமை கொண்டவர்’ என்ற சொல்லுக்குள் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே நிலநிர்வாகியிடம் எழுத்து மூலம் உங்கள் கோரிக்கையைத் தெரிவித்து, ஒப்பந்தத்தையும் பணம் கொடுத்த ரசீதுகளையும் நில வரி கட்டிய ரசீதுகளையும் விசாரணையில் வையுங்கள். விற்றவரோ அவருடைய பிள்ளைகளோ மறுத்தால், பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டு அங்கே வழக்காக மாறும். நிலப் பதிவேட்டில் கேவியட், அதாவது பெயர் மாற்றத்தைத் தடுக்கும் குறிப்பு, பதிவு செய்வது பற்றி உடனே வழக்கறிஞரைக் கேளுங்கள்.

விசாரணை நாளில் என்ன நடக்கும்? நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

விசாரணை நில அலுவலகத்திலோ வேறோர் அரசுக் கட்டடத்திலோ நடக்கும். பலர் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, காசோலை எப்போது வரும் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அது பெரிய இழப்பு. நிலநிர்வாகி அங்கே ஒரு நீதிபதியைப் போல விசாரிக்கிறார். அவர் கையில் மதிப்பீடு மற்றும் சொத்துச் சேவைத் துறையின் மதிப்பீட்டு அறிக்கை இருக்கும். உங்கள் கையிலும் ஏதாவது இருக்க வேண்டும். முடிந்தால் பதிவு பெற்ற தனியார் மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கொண்டு செல்லுங்கள். அது முடியாதபோது, பக்கத்து நிலங்கள் அண்மையில் எந்த விலைக்குக் கைமாறின என்பதற்கான ஆதாரம், நிலத்தின் படங்கள், கிணறு, வேலி, மரங்கள், கொட்டகை ஆகியவற்றின் பட்டியல், குலை விற்ற ரசீதுகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.

கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், தொகையைக் குறிப்பிடுங்கள். “நியாயமாகப் பார்த்துச் செய்யுங்கள் ஐயா” என்பது கோரிக்கை ஆகாது. மலாய் மொழி தடையாக இருந்தால் பேசத் தெரிந்த பிள்ளையையோ வழக்கறிஞரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

இழப்பீட்டுத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பக்கத்தில் வீடமைப்பு வந்து நிலத்தின் விலை ஏறியிருக்கிறதே?

சட்டத்தின் முதல் அட்டவணை இதற்கான விதிகளைச் சொல்கிறது. அடிப்படை, சந்தை மதிப்பு: விற்க மனமுள்ளவரும் வாங்க மனமுள்ளவரும் கட்டாயமின்றி ஒத்துக்கொள்ளும் விலை. பக்கத்து நிலங்களின் அண்மைக்கால விற்பனையே இதற்குப் பாதுகாப்பான வழிகாட்டி என்பதை 1954ஆம் ஆண்டு நன்யாங் உற்பத்தி நிறுவன வழக்கிலிருந்தே நீதிமன்றங்கள் ஏற்று வந்துள்ளன. ஆகவே, ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட நிலங்கள் எவை என்பதே விலைத் தகராற்றின் உயிர்நாடி. உங்கள் நிலம் சாலையோரத்தில் இருக்க, மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் சதுப்பு நிலத்தோடு ஒப்பிட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். பரப்பளவு, மண், சாலைத் தொடர்பு, நிலத்தின் வகை, விற்பனை நாள் ஆகிய ஐந்திலும் ஒப்பீடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

நிலத்தை எந்தத் திட்டத்துக்காக எடுக்கிறார்களோ, அந்தத் திட்டத்தால் ஏறக்கூடிய மதிப்பைக் கேட்க முடியாது. அதாவது, “இங்கே நெடுஞ்சாலைச் சந்திப்பு வரப்போகிறது, ஆகவே நிலத்தின் விலை இரு மடங்கு” என்ற வாதம் எடுபடாது. ஆனால் திட்டத்தோடு தொடர்பில்லாமல் வட்டாரமே வளர்ந்து விலை ஏறியிருந்தால், அது சந்தை மதிப்பில் சேரும். வீடமைப்பு நிறுவனங்கள் பக்கத்து விவசாய நிலங்களை என்ன விலைக்கு வாங்கின என்பதைக் காட்டுங்கள். உங்கள் கெரானில் ‘விவசாயம்’ என்று இருந்தால் மதிப்பீடும் அதிலிருந்தே தொடங்கும் என்பதை மறவாதீர்கள். நிலத்தின் வகைக்கும் நிபந்தனைக்கும் ஒவ்வாமல் கட்டப்பட்ட கட்டடத்தின் மதிப்பும் கணக்கில் சேராது. நம் ஊரில் விவசாய நிலத்தில் அனுமதியில்லாமல் பட்டறை போட்டவர்கள், கடை கட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

“இது என் பாட்டன் நட்ட மரம்”, “இங்கேதான் என் பிள்ளைகள் பிறந்தார்கள்” என்பவற்றுக்குச் சட்டத்தில் விலை இல்லை. நிலத்தைப் பிரிய மனமில்லாமை கணக்கில் எடுக்கக் கூடாதவற்றுள் ஒன்று என்று முதல் அட்டவணையே சொல்கிறது. இதைக் கேட்டுக் கண்கலங்கிய பெரியவர்கள் உண்டு. அந்தத் துக்கம் நியாயமானது. ஆனால் விசாரணையில் கிடைக்கும் சிறிது நேரத்தை அதற்கே செலவழித்துவிட வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நிலத்தின் நடுவில் மட்டும் சாலை போகிறது. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரும்பாலோர் கேட்க மறந்துபோகும் இழப்பீடு இதுதான். எடுத்த நிலத்துக்கான விலையைத் தவிர வேறு சில தலைப்புகளிலும் கோரலாம். நிலம் துண்டானதால் மீதிக்கு ஏற்படும் இழப்பு ஒன்று. எடுப்பினால் உங்கள் மற்றச் சொத்துக்கோ வருமானத்துக்கோ ஏற்படும் கேடு மற்றொன்று. குடியிருப்பையோ தொழில் செய்யும் இடத்தையோ மாற்ற நேர்ந்தால் அதற்கான நியாயமான செலவையும் கேட்கலாம்.

எடுத்துக்காட்டாக, மூன்று ஏக்கர் செம்பனைத் தோட்டத்தில் சாலைக்கு முக்கால் ஏக்கர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலைக்கு அப்பால் முக்கோணமாக அரை ஏக்கர் மிஞ்சுகிறது. அதற்குப் போக வழியில்லை, லாரி நுழையாது, குலை வெட்டினாலும் வெளியே கொண்டுவர முடியாது. முக்கால் ஏக்கருக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு வந்தால், உண்மையில் நீங்கள் ஒன்றேகால் ஏக்கரை இழந்தவர் ஆகிறீர்கள். சாலையை உயர்த்திப் போடுவதால் மழைநீர் வடிகால் அடைபட்டு மீதி நிலத்தில் தண்ணீர் தேங்குவதும் எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி நடப்பது. விசாரணைக்கு முன்பே சாலையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, வடிகால் எங்கே போகிறது, உங்கள் நுழைவழி என்ன ஆகிறது என்று பாருங்கள். வழியும் வடிகாலும் வேலியும் அமைத்துத் தர எடுப்பவர் உறுதிமொழி தரலாம். அது எழுத்தில் இருக்க வேண்டும். அதே சமயம், சாலையால் மீதி நிலத்தின் மதிப்பு ஏறுகிறது என்று காட்டித் தொகையைக் குறைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே அந்த வாதம் வந்தால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

தொகை போதாது. காசோலையை வாங்கிக்கொண்டால் வழக்குப் போட முடியாதா?

முடியும். தீர்ப்பு ஜி படிவத்தில் எழுதப்பட்டு, எச் படிவத்தில் உங்களுக்குத் தெரிவிக்கப்படும். பணத்தை ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்கிறேன் என்று குறிப்பிட்டு வாங்கினால் உரிமை போகாது. எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால்தான் ஆபத்து.

ஆட்சேபத்தை ‘என்’ (N) என்ற எழுத்திட்ட படிவத்தில் எழுதி நிலநிர்வாகியிடம் கொடுக்க வேண்டும். நிலத்தின் அளவு, இழப்பீட்டுத் தொகை, யாருக்குச் சேர வேண்டும், பங்குகளாக எப்படிப் பிரிப்பது ஆகிய நான்கில் எதைப் பற்றியும் ஆட்சேபிக்கலாம். விசாரணையில் நீங்களோ உங்கள் பிரதிநிதியோ இருந்திருந்தால், தீர்ப்பு நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். இல்லாதிருந்தால், எச் படிவம் கிடைத்த நாளிலிருந்து 6 வாரங்கள், தீர்ப்பு நாளிலிருந்து 6 மாதங்கள் ஆகிய இரண்டில் எது முன்னதாக முடிகிறதோ அதற்குள் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன என் தகப்பனாரின் நிலத்தில் எங்களை முறியடித்தது இந்த 6 மாதக் கெடுதான். ஆட்சேபத்தோடு கட்டச் சொல்லும் வைப்புத்தொகை, 3,000 ரிங்கிட் அல்லது ஆட்சேபத் தொகையில் 10 விழுக்காடு, இவற்றில் குறைவானதைத் தாண்டக் கூடாது.

உயர் நீதிமன்றத்தில் யார் முடிவு செய்கிறார்கள்?

நீதிபதியோடு இரண்டு மதிப்பீட்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். முன்பு இழப்பீட்டுத் தொகையை அந்த இருவரின் கருத்தே தீர்மானித்தது. உலு லங்காட்டைச் சேர்ந்த செமினியில் காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட நிலம் குறித்த செமினி ஜெயா வழக்கில், 2017 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம், அதற்கு வழிசெய்த 40டி பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிபதிக்கே உரியது. ஆலோசகர்கள் ஆலோசனை சொல்லலாம், தீர்மானிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். சட்டம் சார்ந்த கேள்வி இருந்தால் மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. தொகை மட்டுமே குறை என்றால் உயர் நீதிமன்றத்தோடு முடிந்தது. ஒரு சாலைக்கான நிலத் தகராறு, நாட்டின் நீதித்துறை அதிகாரத்தைப் பற்றிய மிக முக்கியமான தீர்ப்புகளுள் ஒன்றாக மாறியது நிலம் இழந்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

நிலத்தை எப்போது விட்டு வெளியேற வேண்டும்?

நிலநிர்வாகி கே படிவத்தின் மூலம் உடைமை எடுத்துக்கொண்ட பிறகு நிலம் உங்களுடையதல்ல. அவசரச் சான்றிதழான ஐ படிவம் வழங்கப்பட்டிருந்தால், தொகை தீர்மானிக்கப்படும் முன்பே உடைமை எடுக்கப்படலாம். அப்படி நடந்தாலும் இழப்பீட்டுக்கான உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது. பணம் தாமதமானால் தாமதக் கட்டணமும் கோரலாம்.

எடுத்த நிலத்தில் சாலை வரவேயில்லை. திருப்பித் தருவார்களா?

பின்னாளில் நிலம் வேறு எதற்கோ பயன்பட்டது என்பதற்காக எடுப்பு செல்லாததாகிவிடாது என்று 68ஏ பிரிவு சொல்கிறது. எனக்கு இந்தப் பிரிவில் உடன்பாடு இல்லை. ஆனால் சட்டம் அதுதான்.

நாங்கள் மூன்று தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். தோட்டத்தின் வழியாகச் சாலை வந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

இழப்பீடு நிலத்தின் உரிமையாளரான தோட்ட நிறுவனத்துக்குப் போகும். ‘உரிமை கொண்டவர்’ என்பதில் உரிமையாளர் விரும்பும்வரை மட்டும் இருக்க அனுமதிக்கப்பட்ட குடியிருப்பாளர் அடங்கமாட்டார் என்று சட்டத்தின் 2ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. வேலையோடு சேர்த்துத் தரப்பட்ட லயத்து வீட்டில் இருப்பவரை அந்த வகையில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். அனுமதியின்றி அரசாங்க நிலத்தில் குடியேறியவர்களுக்குச் சட்டத்திலும் நியாயத்திலும் உரிமையில்லை என்று 1982ஆம் ஆண்டு சிடேக் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ரப்பர் மரத்துக்குத் தந்த மதிப்பைக்கூட, அந்த மரத்தை விடியற்காலையில் சீவிய கைகளுக்குச் சட்டம் தரவில்லை என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் கையில் எதுவுமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். முதலாவது, தோட்டம் எடுக்கப்பட்டதால் வேலை இழந்தவருக்கு, 1980ஆம் ஆண்டு வேலைநீக்க, ஆட்குறைப்புப் பயன் விதிமுறைகளின்படி முதலாளி பணம் தர வேண்டும். 12 மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவர்களில், 2 ஆண்டுகளுக்கும் குறைவானவர்களுக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கு 15 நாள். 5 ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 22 ஆண்டுகள் வேலை செய்தவருக்கு 440 நாள் சம்பளம் சேரும். இது நில அலுவலகத்தில் கேட்க வேண்டியதல்ல. தொழிலாளர் இலாகாவில் கேட்க வேண்டியது. உறுப்பினராக இருப்பவர்களுக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் துணைநிற்கும்.

இரண்டாவது, சாகுஹாத்தி எனப்படும் கருணைத் தொகையும் மாற்று வீடும். இவை சட்ட உரிமையல்ல, பேச்சுவார்த்தையில் கிடைப்பவை. ஆகவே தனித்தனியாகப் போகாமல், எல்லாக் குடும்பங்களும் ஒன்றாகச் சேர்ந்து, வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை ஆண்டுகள், எத்தனை பிள்ளைகள் என்று ஒரே பட்டியலாகத் தயாரித்துச் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட அதிகாரியிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டது எதுவாயினும் வீடு காலி செய்யும் முன் கையெழுத்தாக வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, பிறந்த பத்திரத்தில் உள்ள தோட்டத்து முகவரி, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் ஆகிய எல்லாமே நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சிகள். இடம் மாறும்போது இவற்றைக் குப்பையில் போட்டவர்கள் பின்னால் வருந்தியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, உரிமைத் தாள் இல்லாதவர்களும் வென்றதுண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள். நம் சிலாங்கூரிலேயே டிங்கிலுக்கு அருகில், கம்போங் புக்கிட் தம்போயைச் சேர்ந்த தெமுவான் ஓராங் அஸ்லி (பழங்குடி) மக்களின் 38 ஏக்கர் நிலம், விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக 1995இல் எடுக்கப்பட்டது. மரங்களுக்கும் வீடுகளுக்கும் மட்டுமே பணம் தரப்பட்டது, நிலத்துக்குத் தரப்படவில்லை. சாகோங் தாசியும் அவருடைய மக்களும் தொடுத்த வழக்கில் 2002இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்கு மரபுவழி நில உரிமை உண்டு, நில எடுப்புச் சட்டப்படியே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தன. அந்த மரபுரிமை தோட்டத் தொழிலாளர்களுக்குப் பொருந்தாது. ஆனால் எந்தத் தாளும் இல்லாத மக்கள் தங்கள் வாழ்வையே சாட்சியாக நிறுத்தியதும், அதற்காகப் பல ஆண்டுகள் ஒற்றுமை குலையாமல் நின்றதும் நாம் கற்க வேண்டியவை.

சாலை செல்லும் வழியில் தோட்டத்துக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சுடுகாடும் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன ஆகும்?

மூன்றும் ஒரே மாதிரியானவை அல்ல. தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்பதால் அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டுமே பெறும் பள்ளிகளாக இருக்கின்றன. நிலத்துக்கான இழப்பீடு தோட்டத்துக்குப் போனாலும், பள்ளி மேலாளர் வாரியம் விசாரணையில் முன்னிலையாகி, கட்டடத்தைப் பெற்றோரும் வாரியமும் தங்கள் பணத்தில் கட்டியதற்கான கணக்கைக் காட்ட வேண்டும். மாற்று நிலமும் புதிய கட்டடமும் உறுதியாகும் வரை பழைய கட்டடத்தில் கைவைக்கக் கூடாது என்று கல்வி அமைச்சுக்கும் மாநில அரசுக்கும் எழுத வேண்டும்.

கோயிலுக்கு முதல் தேவை பதிவு. சங்கங்களின் பதிவதிகாரியிடம் பதிவு பெற்ற நிர்வாகக் குழு இல்லையென்றால், பேச்சுவார்த்தையில் எதிரில் உட்காரவே ஆளில்லை என்றாகிவிடும். தோட்ட நிறுவனம் கோயிலுக்கு நிலம் ஒதுக்கியதாகச் சொல்லும் பழைய கடிதம், மேனேஜர் கையெழுத்திட்ட வரைபடம், திருவிழா அனுமதிக் கடிதங்கள் ஆகிய எதையும் தேடி எடுங்கள். சிலாங்கூரில் முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கான மாநிலச் செயற்குழுவான லீமாஸிடம் முறையிடலாம். கோயில் மாற்றப்பட நேர்ந்தால், புதிய நிலம் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி வழிபாட்டுக்கென அரசிதழில் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். வாய்மொழியாகக் காட்டிய இடத்துக்குப் போனால் இன்னொரு சாலை வரும்போது இதே கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள்.

சுடுகாட்டைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமிருப்பதில்லை. அதனாலேயே வரைபடத்தில் அது ‘புதர்’ என்று குறிக்கப்பட்டுவிடுகிறது. கல்லறைக் கல் இல்லாத சமாதிகள்தான் தோட்டத்தில் அதிகம். ஆகவே யார் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நினைவிருக்கும் மூத்தவர்களை இப்போதே அழைத்துச் சென்று, இடத்தை அளந்து, பெயர்களை எழுதி, படம் எடுத்து, அந்தப் பட்டியலின் நகலை நில அலுவலகத்திலும் மாவட்ட அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.